வியர்வைக்கு ஒரு பேரேடு

1924, ஜூன் 26. வடமேற்கு பிரான்சில் கூட்டான்ஸ் என்கிற சின்ன ஊர். ரயில் நிலையத்தை ஒட்டிய ஒரு காபிக்கடையில் மூன்று பேர் உட்கார்ந்து சாக்லேட் குடித்துக்கொண்டிருந்தார்கள். உடம்பெல்லாம் புழுதி. வாசலில் கூட்டம் நெரிந்தது. பின்னே? உள்ளே இருந்த ஆசாமி ஹென்றி பெலிசியே. முந்தைய வருஷம் டூர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை ஜெயித்தவர். கூட இருந்தவர்கள், தம்பி ஃபிரான்சிஸும் நண்பர் மொரீஸ் வீலும்.

பந்தயம் நடந்துகொண்டிருக்கும்போது இவர்களுக்குக் காபிக்கடையில் என்ன வேலை? ஒன்றுமில்லை. போதும்டா சாமி என்று பாதியில் விட்டுவிட்டார்கள்.

காரணத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். சட்டைத் தகராறு. அந்தக் காலத்து டூரில் ஒரு விதி உண்டு. எதை எடுத்துக்கொண்டு கிளம்பினாயோ, அதையெல்லாம் எடுத்துக்கொண்டுதான் வந்து சேரவேண்டும். கிளம்பும்போது இருட்டு, குளிர். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஜெர்சி போட்டுக்கொள்வார்கள். வெயில் ஏறியதும் ஒன்றைக் கழற்றி எறிந்தால் அபராதம். எத்தனை போட்டிருக்கிறான் என்று அதிகாரி ஒருவர் சட்டையைத் தூக்கிப் பார்ப்பார். பெலிசியேவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

அவரைத் தேடி வந்த நிருபர் சாமானியப்பட்டவர் அல்ல. பெயர், ஆல்பர்ட் லோந்த்ர். முந்தைய வருஷம்தான் தென் அமெரிக்காவில் இருந்த பிரெஞ்சுத் தண்டனைத் தீவுகளுக்குப் போய், அங்கே கைதிகள் படும் பாட்டை எழுதி நாட்டையே உலுக்கியிருந்தார். அவருக்கு முன்னால் பெலிசியே சகோதரர்கள் தங்கள் பைகளைக் கவிழ்த்தார்கள். கண்ணுக்குக் கொக்கைன். ஈறுக்கு குளோரோஃபார்ம். அப்புறம் டப்பா டப்பாவாக மாத்திரைகள். லோந்த்ர் எழுதினார். சாலையின் தண்டனைக் கைதிகள் என்கிற பட்டம் சைக்கிள்காரர்களுக்கு ஒட்டிக்கொண்டது.

ஒரு வேடிக்கை என்னவென்றால், பல வருஷம் கழித்து ஃபிரான்சிஸ் பெலிசியே, அந்த நிருபருக்கு சைக்கிள் பற்றி ஒன்றும் தெரியாது, நாங்கள் கொஞ்சம் விளையாடினோம் என்றார்.

எது உண்மை? அன்றைக்கு அந்த மூன்று பேரும் எவ்வளவு உழைத்திருந்தார்கள்? உடம்பு எந்த அளவுக்குத் தேய்ந்திருந்தது? சொல்ல ஆள் கிடையாது. அளக்கக் கருவி கிடையாது. தெரிந்ததெல்லாம் ஒரே ஓர் எண். கிலோமீட்டர். அன்றைய கட்டம் ஷெர்பூரிலிருந்து பிரெஸ்ட் வரை 405 கிலோமீட்டர். மொத்தப் பந்தயம் 15 கட்டங்களில் 5,425 கிலோமீட்டர். கியர் மாற்றும் வசதிகூடக் கிடையாது. அதை 1937ல்தான் அனுமதித்தார்கள்.

பந்தயத்தை நடத்திய ஹென்றி டெகிரான்ஜுக்கு இதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. அவரும் சைக்கிள்காரர்தான். 1893ல் பாரிஸில் ஒரு மணி நேரத்தில் 35.325 கிலோமீட்டர் மிதித்து உலக சாதனை வைத்தவர். அவர் கணக்கில் தூரம்தான் எல்லாம்.

ஆனால் தூரம் ஒரு மகா பொய்யன். நீங்களே யோசித்துப் பாருங்கள். 40 கிலோமீட்டர் எதிர்க்காற்றில் போவதும், காற்று முதுகைத் தள்ள அதே 40 கிலோமீட்டர் போவதும் ஒன்றா? இன்னொருவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் காற்றை அவர் கிழித்துக் கொடுப்பார், உங்களுக்குப் பாதி சுகம். மலை ஏறினால் வேகம் மணிக்கு 12. இறங்கினால் 70. எதில் உழைப்பு அதிகம்?

கிலோமீட்டரை நம்பிப் பயிற்சி செய்தவர்கள் ஒன்று குறைவாக உழைத்தார்கள், அல்லது உடம்பு நொறுங்கும்வரை உழைத்தார்கள். இரண்டாவது வகைதான் அதிகம். நொறுங்குவதைத் தள்ளிப்போடத்தான் அந்த டப்பாக்கள்.

*

சரி, உழைப்பைச் சாலையில் அளக்க முடியாவிட்டால் உடம்பிலேயே அளந்தால் என்ன? நெஞ்சில் ஏற்கெனவே ஒரு மீட்டர் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது?

ஓடிக்கொண்டிருக்கும் ஒருவனின் நாடியைப் பிடிப்பது எப்படி என்பதுதான் சிக்கல். நிறுத்திப் பிடித்தால் அதற்குள் துடிப்பு இறங்கிவிடும். பின்லாந்தில் ஒரு பனிச்சறுக்குப் பயிற்சியாளர் இதைச் சொல்லிப் புலம்பியது, ஊலு பல்கலைக்கழகத்தின் மின்னணுவியல் பேராசிரியர் செப்போ சைனயாகங்காஸ் காதில் விழுந்தது. 1977ல் போலார் என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார். 1982ல் கம்பியே இல்லாத கருவி வந்தது. மார்பில் ஒரு பட்டை, மணிக்கட்டில் ஒரு கடிகாரம். மிதித்துக்கொண்டே குனிந்து பார்த்தால் நிமிஷத்துக்கு எத்தனை துடிப்பு என்று தெரியும்.

துடிப்பு கிடைத்துவிட்டது. அதை வைத்து என்ன செய்வது?

அதற்கான கணக்கை, கருவி வருவதற்கு முன்பே ஒருவர் கனடாவில் போட்டுக்கொண்டிருந்தார். வான்கூவருக்குப் பக்கத்தில் இருக்கும் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தின் எரிக் பேனிஸ்டர். (நாலு நிமிஷத்துக்குள் ஒரு மைல் ஓடிய ரோஜர் பேனிஸ்டர் வேறு ஆள்.) 1970களின் நடுவில் அவரும் சகாக்களும் முதலில் ஆராய்ந்தது சைக்கிள்காரரை அல்ல, ஒரு நீச்சல் வீரரை. அதிலிருந்து பிறந்த யோசனைதான் இன்றைக்கு உலகத்தில் இருக்கிற அத்தனை சைக்கிள் பயிற்சி மென்பொருளுக்கும் பாட்டன்.

நான் பி.காம். படித்தவன். பேனிஸ்டர் கணக்கைப் படித்ததும் எனக்கு உடலியல் நினைவுக்கு வரவில்லை. தேய்மானம்தான் நினைவுக்கு வந்தது. குறைந்து செல் மதிப்பு முறை என்று பிளஸ் ஒன்னில் படுத்துவார்களே, அதேதான்.

அவர் சொன்னது இது. ஒவ்வொரு பயிற்சியும் உங்கள் பேரேட்டில் ஒரே நேரத்தில் இரண்டு பதிவு போடுகிறது. ஒன்று வரவு, அதாவது பலம். இன்னொன்று கடன், அதாவது களைப்பு. போடும்போது கடன் பெரிது. ஆனால் கடன் சீக்கிரம் கரையும், பலம் மெதுவாகக் கரையும்.

ரூபாயில் பார்த்துவிடலாம். இன்றைக்கு நன்றாகப் பெண்டு நிமிர மிதித்தீர்கள். பலக் கணக்கில் 100 ரூபாய். களைப்புக் கணக்கில் 200. நாளைக்கே பந்தயம் என்றால்? 100 ரூபாய் நஷ்டத்தில் போய் நிற்பீர்கள். பேனிஸ்டர் மாதிரியில் பலத்துக்கு 45 நாள், களைப்புக்கு 15 நாள் என்று தேய்மானக் காலம் வைப்பது வழக்கம். அதன்படி 15 நாள் கழித்துப் பாருங்கள். பலம் 72 ஆகியிருக்கும். களைப்பு 74. ஏறக்குறைய சரிக்குச் சரி. 30 நாள் கழித்து பலம் 51, களைப்பு 27. கையில் 24 ரூபாய் லாபம்.

ஒரு நாள் உழைப்பின் பலன் ஒரு மாதம் கழித்துத்தான் கைக்கு வருகிறது! பந்தயத்துக்கு முன்னால் இரண்டு வாரம் பயிற்சியைக் குறைக்கவேண்டும் என்று பழைய பயிற்சியாளர்கள் குருட்டாம்போக்கில் சொன்னதற்கு முதல் முறையாக ஒரு கணக்கு கிடைத்தது.

பேரேட்டில் பதிய ஓர் எண் வேண்டுமே? அதற்கு அவர் வைத்த பெயர் டிரிம்ப். எத்தனை நிமிஷம், எவ்வளவு துடிப்பு என்பதைப் பெருக்கி வருவது. ஆனால் சும்மா பெருக்கவில்லை. ஒருவருக்கு ஓய்வில் துடிப்பு 60, உச்சம் 180 என்று வையுங்கள். அவர் ஒரு மணி நேரம் 120 துடிப்பில் மிதித்தால், அது இடைவெளியில் சரிபாதி. பின்னாளில் பேனிஸ்டர் முடிவு செய்த சூத்திரப்படி ஆண்களுக்கு இதற்கு 50 மதிப்பெண். அதே ஆள் ஒரு மணி நேரம் 168ல் மிதித்தால்? பாதியிலிருந்து பத்தில் ஒன்பது பங்குக்குப் போயிருக்கிறார், இரண்டு மடங்குகூட இல்லை. ஆனால் மதிப்பெண் 195. கிட்டத்தட்ட நாலு மடங்கு. வேகம் ஏற ஏற, ரத்தத்தில் லாக்டேட் எப்படித் தாறுமாறாக ஏறுகிறதோ அதற்குத் தகுந்தபடி மதிப்பெண்ணையும் ஏற்றிவிட்டார். பெண்களுக்குச் சூத்திரத்தில் எண்கள் வேறு.

நியாயமான கணக்கு. ஆனால் இதயம் அவ்வளவு நியாயமான கணக்குப்பிள்ளை இல்லை. வெயில் அடித்தால் துடிப்பு ஏறும். தண்ணீர் குறைந்தால் ஏறும். காபி குடித்தால், பயந்தால், ராத்திரி தூங்காவிட்டால் ஏறும். 20 விநாடி உயிரைக் கொடுத்து மிதித்தால் அது விழித்துக்கொண்டு ஏறுவதற்குள் நீங்கள் மிதித்து முடித்திருப்பீர்கள்.

*

கதையில் கொஞ்சம் அழுக்கான இடத்துக்கு இப்போது வருகிறோம்.

இத்தாலியில் ஃபெர்ராரா பல்கலைக்கழகம். பேராசிரியர் ஃபிரான்செஸ்கோ கொன்கோனி. 1982ல் ஒரு சோதனை முறையை வெளியிட்டார். வேகத்தைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போனால் துடிப்பும் கூடவே நேர்கோட்டில் ஏறும். ஓர் இடத்தில் கோடு வளையும். அந்த வளைவுதான் உடம்பு தாங்கும் எல்லை, ஊசி குத்தி ரத்தம் எடுக்காமலே எல்லையைக் கண்டுபிடித்துவிடலாம் என்றார். அந்த வளைவு எல்லோருக்கும் தெளிவாக வருவதில்லை என்று பின்னால் நிறையப் பேர் சண்டைக்கு வந்தது தனிக்கதை.

அவரிடம் வந்து சேர்ந்தார் ஃபிரான்செஸ்கோ மோசர். 32 வயது. பாரிஸ்-ரூபே பந்தயத்தை மூன்று முறை ஜெயித்தவர். ஆனாலும் முடிந்துபோன குதிரை என்று பேச ஆரம்பித்திருந்தார்கள். அவருக்கு ஒரு மணி நேர சாதனைமேல் கண். 1972ல் மெக்சிகோ சிட்டியில் பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் 49.431 கிலோமீட்டர் மிதித்திருந்தார். பன்னிரண்டு வருஷமாக அதை யாராலும் அசைக்க முடியவில்லை.

மோசரைச் சுற்றி ஒரு பட்டாளமே உட்கார்ந்தது. துடிப்பு பார்க்க ஒருவர், காற்றுத் தடையைக் குறைக்க ஒருவர், சாப்பாட்டுக்கு ஒருவர். கம்பிகளே இல்லாத வட்டத் தட்டு மாதிரிச் சக்கரங்கள். இன்றைக்கு எத்தனை நிமிஷம், எந்தத் துடிப்பில் என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அதற்கு மேல் ஒரு நிமிஷம் கிடையாது. 1984 ஜனவரி 19, அதே மெக்சிகோ சிட்டி. 50.808. நாலு நாள் கழித்து மறுபடி மிதித்தார். 51.151!

விஞ்ஞானத்தின் வெற்றி என்று உலகமே கொண்டாடியது. விஞ்ஞானம்தான். ஆனால் முழுசாகச் சொல்லவில்லை. 1999ல் மோசரே ஒப்புக்கொண்டார். தயாரிப்பில் ரத்தம் ஏற்றிக்கொள்வதும் இருந்தது. அன்றைக்கு அதைத் தடுக்கும் சட்டம் எதுவும் கிடையாது. அதே 1984ல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க சைக்கிள்காரர்கள் சிலர் ரத்தம் ஏற்றிக்கொண்டது அம்பலமான பிறகுதான் தடையே வந்தது.

கொன்கோனி? 1990களில் ஈபிஓ என்கிற ரத்தம் பெருக்கும் மருந்தைக் கண்டுபிடிக்கும் சோதனையை உருவாக்கும் பொறுப்பு, ஒலிம்பிக் அமைப்பின் ஆதரவோடு அவரிடம்தான் இருந்தது. அவர் மேலேயே அந்த மருந்தைக் கொடுத்ததாக வழக்கு. காலக்கெடு தாண்டிவிட்டதால் தண்டனை இல்லை. ஆனால் தார்மீகரீதியில் குற்றவாளி என்று 2004ல் வெளியான தீர்ப்பு சொன்னது. அவரிடம் உதவியாளராக இருந்த மிக்கேல் ஃபெர்ராரி, மலையேறும்போது மணிக்கு எத்தனை மீட்டர் உயரம் ஏறுகிறான் என்பதை வைத்தே உழைப்பைக் கணக்கிடுவதைப் பிரபலமாக்கியவர். அவருடைய பிரபல வாடிக்கையாளர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங். 2012ல் ஃபெர்ராரிக்கு ஆயுள் தடை. ஆம்ஸ்ட்ராங்குக்கு ஏழு டூர் பட்டங்களும் போயின.

பேனிஸ்டர் போட்ட பேரேட்டில் களைப்பு என்பது தவிர்க்க முடியாத கடன். இவர்கள் அந்தக் கடனை வேறு கணக்கில் எழுதக் கற்றுக்கொண்டார்கள். அதற்குக்கூடத் துல்லியமாக அளக்கத் தெரிந்திருக்கவேண்டும் என்பதுதான் கொடுமை.

*

இதயம் பொய் சொல்கிறதா, சரி, மிதியையே அளந்துவிடுவோம் என்று ஜெர்மனியில் ஒரு பொறியாளர் கிளம்பினார். உல்ரிச் ஷோபரர். 1986ல் அவர் செய்த கருவிதான் எஸ்.ஆர்.எம். (நம் ஊர் கல்லூரி அல்ல.)

கிராங்க் இருக்கிறதல்லவா, அதன் நடுப்பகுதிக்குள் மெல்லிய உலோகப் பட்டைகளை ஒட்டினார். பெடலை அழுத்தும்போது இரும்பே ஆனாலும் துளியூண்டு வளையும். கண்ணுக்குத் தெரியாத வளைவு. அந்த வளைவில் பட்டையின் மின்தடை மாறும். மாற்றத்தை அளந்தால் எவ்வளவு விசை என்று தெரியும். அதைச் சுற்றும் வேகத்தோடு பெருக்கினால் வாட். அவ்வளவுதான். வெயிலோ காபியோ எதிர்க்காற்றோ எதுவும் அதை ஏமாற்ற முடியாது. 200 வாட் என்றால் மலையிலும் 200, சமவெளியிலும் 200. டூரை மூன்று முறை ஜெயித்த அமெரிக்கர் கிரெக் லெமோண்ட், இதை ஆரம்பத்திலேயே வாங்கி மாட்டிய பெரிய தலைகளில் ஒருவர்.

ஆனால் புதுத் தலைவலி. பந்தய சைக்கிள்காரரின் வாட் ஒரு நிலையில் நிற்காது. வளைவில் சும்மா உருட்டினால் பூஜ்யம். ஒருவன் தப்பி ஓடினால் விரட்ட 800. இதற்குச் சராசரி எடுத்தால்?

சராசரியை நம்பி ஆற்றில் இறங்கியவன் கதை உங்களுக்குத் தெரியும். இங்கேயும் அதேதான். ஆண்ட்ரூ கோகன் என்கிற அமெரிக்க உடலியல் விஞ்ஞானி, அவரும் பந்தயங்களில் மிதித்தவர், 2003ல் ஒரு வழி சொன்னார். முதலில் 30 விநாடிகளுக்கு ஒரு நகரும் சராசரி எடு. வரும் ஒவ்வோர் எண்ணையும் நாலு முறை தன்னாலேயே பெருக்கு. அப்புறம் சராசரி எடுத்து நாலாம் மூலம் போடு.

பயப்படாதீர்கள். அரை மணி நேரம் 100 வாட், அரை மணி நேரம் 300 வாட். சாதா சராசரி 200. கோகன் முறையில் 253. அந்த 53 வாட்தான், சராசரி விழுங்கிவிட்ட வலி.

அதற்கு மேல் சுலபம். ஒரு மணி நேரம் முழுக்க உங்களால் தாக்குப்பிடிக்க முடிகிற உச்ச வாட் எவ்வளவோ, அதுதான் உங்கள் அளவுகோல். அதில் ஒரு மணி நேரம் மிதித்தால் 100 மதிப்பெண். இதற்கு டி.எஸ்.எஸ். என்று பெயர். ஒரு மணி நேரம் அதில் 80 சதவீதத்தில் மிதித்தால் 64. பாதியில் மிதித்தால் 25. உங்களுக்கு 150 வாட் எல்லை, சாம்பியனுக்கு 400 என்றாலும் அவரவர் எல்லையில் ஒரு மணி நேரம் என்றால் இரண்டு பேருக்கும் 100. பணக்காரனையும் ஏழையையும் ஒரே சதவீதத்தில் அளப்பது மாதிரி. பேனிஸ்டரின் இரண்டு கணக்கை எடுத்து, பலத்துக்கு 42 நாள், களைப்புக்கு 7 நாள் என்று வைத்து வரைபடமாகப் போட்டார். இன்றைக்கு சைக்கிள் மிதிப்பவர்களின் போனில் ஏறி இறங்கும் கோடுகள் இவைதான்.

எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. பாதி வேகத்தில் நாலு மணி நேரம் ஊர் சுற்றினாலும் 100, ஒரு மணி நேரம் உயிரை விட்டாலும் 100. மறுநாள் காலை மாடிப்படி இறங்கும்போது இரண்டும் ஒன்றா என்று தொடையைக் கேளுங்கள்.

*

மிதியை அளந்தாயிற்று. இனி ஏமாற்றுக்காரன் மாட்டுவான் என்று நினைத்தார்கள். 2006 டூரில் ஃபிளாய்ட் லாண்டிஸ் என்ற அமெரிக்கர், ஒரு நாள் மலையில் துவண்டு விழுந்து பட்டம் போச்சு என்ற நிலையில், மறுநாளே தனியாளாகப் பாய்ந்து எல்லோரையும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் பின்தள்ளினார். அவர் சைக்கிளில் பவர் மீட்டர் இருந்தது. அது வாட்டை எழுதியது, உடம்பில் என்ன ஓடியது என்று எழுதவில்லை. மாட்டிக்கொடுத்தது சிறுநீர்ச் சோதனை. 2007ல் பட்டம் போனது. 2010ல் ஒப்புக்கொண்டார்.

2015ல் தலைகீழ். பிரிட்டனின் கிறிஸ் ஃப்ரூம் லா பியெர் சான் மார்த்தான் மலையில் எல்லோரையும் உதறிவிட்டு ஏறினார். சந்தேகம் கிளம்பியது. நாலு நாள் கழித்து ஒருவன் அவர்மேல் சிறுநீரை வீசினான். கிலோவுக்கு 7.04 வாட் என்று பிரெஞ்சு டிவியில் ஒரு கணக்கு. அப்படியானால் மனுஷனே இல்லை என்று அர்த்தம். அவருடைய ஸ்கை அணி ஓய்வு நாளில் உண்மை எண்களை மேஜையில் போட்டது. 41 நிமிஷத்துக்கு மேல், சராசரி 414 வாட். முட்டை வடிவப் பல்சக்கரம் என்பதால் மீட்டர் 6 சதவீதம் கூடுதலாகக் காட்டும், கழித்தால் கிலோவுக்கு 5.78. ஏறியவர் ஒருவர், மலை ஒன்று, எண்கள் இரண்டு. நம்ப விரும்பியவர்கள் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள், விரும்பாதவர்கள் இன்னொன்றை.

இதற்கு நடுவில், அமெரிக்காவின் விஸ்கான்சினில் கார்ல் ஃபாஸ்டர் என்கிற ஆராய்ச்சியாளர், ஒரு பைசா செலவில்லாத முறையை முன்வைத்தார். ஸ்வீடன் உளவியலாளர் குன்னார் போர்க், சிரமத்தை மதிப்பெண்ணாகச் சொல்லவைக்கும் பழக்கத்தை 1960களிலேயே ஆரம்பித்துவைத்திருந்தார். ஃபாஸ்டர் அதைப் பேரேட்டுக்குக் கொண்டுவந்தார். பயிற்சி முடிந்து அரை மணி கழித்துக் கேள்: எப்படி இருந்தது, பத்துக்கு எத்தனை? அதை நிமிஷத்தால் பெருக்கு. 90 நிமிஷம், 4 மதிப்பெண் என்றால் 360. துடிப்பை வைத்துப் போடும் கணக்கோடு இது ஆச்சரியமாக ஒத்துப்போனது.

ஏன் அரை மணி? முடித்த உடனே கேட்டால் கடைசி ஐந்து நிமிஷத்தின் மூச்சிரைப்பு பதில் சொல்லும்.

அவர் இன்னொன்றும் கண்டார். இன்றைக்கு லேசான பயிற்சி என்று பயிற்சியாளர் திட்டம் போட்ட நாளில் வீரர்கள் அவர் நினைத்ததைவிடக் கடுமையாக உழைத்திருந்தார்கள். கடும் பயிற்சி என்று சொன்ன நாளில் அவர் நினைத்த அளவுக்கு உழைக்கவில்லை. எல்லா நாளும் நடுத்தரமாகப் போய்விட்டது. தினமும் ஒரே அளவு சுமை ஏற்றுகிறவர்களுக்குத்தான் சளி, காய்ச்சல் என்று அடிக்கடி வருகிறது என்பதையும் குறித்துவைத்தார்.

சைக்கிள் மிதிக்கிறவராக இருந்தால் ஒரு பழைய டைரி போதும். தேதி, நிமிஷம், பத்துக்கு எத்தனை. போன வாரம் 4 போட்ட அதே பாதைக்கு, அதே நேரத்துக்கு, இந்த வாரம் 7 போட்டிருக்கிறீர்கள் என்றால், வாட் மாறியிருக்காது, டி.எஸ்.எஸ். மாறியிருக்காது. நாளைக்குக் காலை சைக்கிளை வெளியே எடுக்காதீர்கள்.